வாளிகளோடு பெரட்டுக்குப் போனோம்

தங்கையின் மூன்றாவது பிரசவத்துக்கு ஒத்தாசையாக இருந்துவிட்டு மூன்றே மாதத்தில் திரும்பிவிடுவேன் என்று எங்கள் ஊர்ச் சபையின் ஐயரிடம், அதாவது பாதிரியாரிடம், சொல்லிவிட்டுத்தான் மலாயாவுக்குக் கப்பலேறினேன். பிள்ளை பிறந்தது. அதன் பின்னாலேயே ஜப்பான்காரனும் வந்து சேர்ந்தான். கடல் அடைபட்டுப்போனது. சிரம்பானில் தங்கை வீட்டுப் பின்கட்டில் என் பாய் விரித்தது விரித்தபடி கிடந்தது. பிள்ளைக்குப் பல் முளைத்தது, நடை வந்தது, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் திமிரும் வந்தது. நான் மட்டும் ஊர் போய்ச் சேரவில்லை.

திருநெல்வேலிப் பக்கத்தில் எனக்கு வேலை, வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுவது. விதவை. அப்போது வயது நாற்பத்திரண்டு. வாய் நீளம் என்று ஒரு பெயரும் உண்டு. அது பொய் என்று நான் சொல்லப் போவதில்லை.

சிரம்பான் சபையின் கமிட்டிக்காரர்களுக்கு அந்த வருஷம் ஓர் ஆசை வந்தது. கோயில் பிரதிஷ்டை நாளில் பழையபடி அசனம் போட வேண்டும், எல்லாரும் பந்தியில் உட்கார்ந்து சோறு சாப்பிட வேண்டும் என்று. ஊரே மரவள்ளிக் கிழங்கைத் தின்று வயிறு உப்பிக் கிடக்கும்போது சோற்றுக்கு எங்கே போவது? ஒருவருக்குப் பிடியரிசி ஞாபகம் வந்தது. உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துக் கர்த்தருக்கென்று தனி டின்னில் போடுவது எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் வழக்கம். கோலா பிலா பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பதினோரு கிறிஸ்தவக் குடும்பங்கள் சண்டைக்குப் பிறகும் அந்த வழக்கத்தை விடவில்லையாம். அதைப் போய் வாங்கி வர வேண்டும். ஆண்பிள்ளை ரோட்டில் தலையைக் காட்டினால் சயாம் ரயில் வேலைக்கு என்று லாரியில் ஏற்றிக்கொள்கிற காலம். கமிட்டியில் இருந்த ஏழு ஆண்பிள்ளைகளும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

வியாழக்கிழமை கிளம்பினேன். பஸ் கரியில் ஓடுகிற பஸ். பின்னால் ஓர் அடுப்பைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சீன டிரைவர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் இறங்கி அதை விசிறினார். புக்கிட் புத்துஸ் மேட்டில் பஸ் பெருமூச்சு விட்டுவிட்டு நின்றது. எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும் என்றார். எங்கள் ஊர் பஸ்ஸில் ஏறுவதற்குத்தான் சண்டை நடக்கும். இங்கே இறங்குவதற்குக் காசு கொடுத்திருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டு தள்ளினேன்.

பக்கத்தில் தள்ளிய மலாய்க்கார அம்மாள் இடுப்பில் ஒரு கோழியை இடுக்கியிருந்தாள். "நீ தள்ளுவதாகத் தெரியவில்லையே, பஸ்மேல் சாய்ந்துகொண்டல்லவா வருகிறாய்" என்று மலாயில் சொல்லிச் சிரித்தாள். பிறகு வாழையிலையில் சுற்றிய மரவள்ளிப் பணியாரத்தில் பாதியைப் பிட்டுக் கொடுத்தாள். தேங்காய் வாசனை மட்டும் அதில் இருந்தது, தேங்காய் இல்லை. இருந்தாலும் நன்றாயிருந்தது.

மேட்டைத் தாண்டியதும் காவல் சாவடி. எல்லாரும் இறங்கி ஜப்பான் சிப்பாய்க்கு இடுப்பு மடியக் குனிய வேண்டும். குனிந்தேன். ஜெபத்தில்கூட நான் அவ்வளவு குனிந்தது கிடையாது. என் இடுப்புத்தான் குனிந்தது, நான் குனியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோலா பிலாவிலிருந்து தோட்டத்துக்கு ஒரு மாட்டுவண்டி கிடைத்தது. பாதி வழியில் அச்சு முறிந்தது. மீதியை நடந்தேன்.

மூப்பர் சாலமோன் வீட்டில் தங்கவைத்தார்கள். பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு அவர் மண்டோர், அதாவது மேஸ்திரி. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அவரே சபை மூப்பர். ஆள் நல்லவர்தான். காலையில் ஒரு ஜெபம், மாலையில் ஒரு ஜெபம், நடுவில் எல்லாரையும் ஒரு விரட்டு. அவர் மனைவி தங்கம் எனக்கு அவித்த கிழங்கும், சிவப்புப் பனையெண்ணெயில் வதக்கிய கீரையும் வைத்தாள். உப்பு பெயருக்குத்தான் இருந்தது. எங்கள் ஊரில் கிழங்கென்றால் பக்கத்தில் ஒரு துண்டு கருப்பட்டி இருக்கும். அதை நினைத்துக்கொண்டே மென்றேன்.

"சாப்புடுங்கக்கா, கூச்சப்படாதீங்கலா" என்றாள் தங்கம். எங்கள் ஜில்லாவிலும் பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' போடுவோம். இது மலாய்க்காரர் 'லா'. ஆனாலும் காதுக்கு ஊர் ஞாபகமாக இருந்தது.

அவள் மெலிந்து துரும்பாக இருந்தாள். என்ன ஏது என்று கேட்டேன்.

"போன மாசம் ரத்தபேதிக்கா. ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் எப்பவோ ஓடிட்டாரு. எங்க வூட்டுக்காரரு கிட்டக்கூட வரல. மூணாவது நாளு காலையில பின்கதவத் தொறக்கறேன், தாப்பாள்ல கொய்யா எலக்கொளுந்து ஒரு கட்டு தொங்குது. வாள நாருல கட்டியிருக்கு. கர்த்தர் அனுப்புனாருன்னு எடுத்துக் காச்சிக் குடிச்சேன். நின்னுடுச்சி."

அடுத்த வீட்டு முனியம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். "எங்க வீட்டுலயும் தொங்குச்சில்ல? ஒங்க கர்த்தரு எங்க வீட்டுக்கு எதுக்கு வர்றாரு? அது மாரியாத்தா போட்டது" என்றாள். அதைப் பற்றி இருவரும் ரொம்ப நேரம் வாதாடினார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜெபக் கொட்டகையில் பிடியரிசியை ஒப்படைத்தார்கள். மூலையில் பெரிய பிஸ்கட் டின் ஒன்றும், அதற்கு நாலடி தள்ளிச் சின்ன டின் ஒன்றும் இருந்தன. ஒன்றிலே அரிசி, இன்னொன்றிலே வேறு தானியமோ என்று திறந்து பார்த்தேன். இரண்டிலும் அரிசிதான். ரேஷனில் கிடைக்கிற அதே உடைந்த பழுப்பரிசி. சாக்கு ஒன்றுதானே கொண்டு வந்திருக்கிறோம் என்று சின்ன டின்னைப் பெரிய டின்னுக்குள் கவிழ்த்துக் கையால் நன்றாகக் கிளறிவிட்டேன்.

மூப்பர் முகம் வெளுத்துவிட்டது.

"என்னம்மா பண்ணிட்டீங்க! அது மாசிலாமணி டின்னு!"

"யார் மாசிலாமணி?"

"தோட்டி. வாளி எடுக்கறவன். அவனும் ஞானஸ்நானம் வாங்குனவன்தான், நாங்க இல்லேங்கல. காணிக்கை குடுக்கறான், வாங்கிக்கறோம். அதுக்கின்னு நம்ம அரிசியில கலக்கறதா? நாலு பேரு சாப்புடற அரிசிம்மா!"

லயங்கள் என்கிற கூலிக்காரர் வரிசை வீடுகளின் கக்கூஸ் வாளிகளை எடுத்துக் கொட்டுகிறவர் அந்த மாசிலாமணி. அவர் மனைவி ராகேல் ஒதுக்கி வைத்த பிடியரிசியை டவுனுக்கு அனுப்பும்போது தனி முடிச்சாகச் சாக்கின் அடியில் போட்டு அடையாளம் வைப்பார்களாம். டவுனில் அதைத் தனியாக வாங்கிக் கோழிக்குப் போடுவார்களாம். அதுவரை யாரும் இதை எனக்குச் சொல்லவில்லை. என்னை அனுப்பிய கமிட்டிக்குத் தெரிந்திருக்கும்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் எங்கள் கோயிலிலும் கடைசி வரிசை என்று ஒன்று இருந்தது. அதில் யார் உட்கார்வார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். இருபது வருஷம் நான் முன் வரிசையில் உட்கார்ந்து பாடியிருக்கிறேன், திரும்பிப் பார்த்ததில்லை. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் பாதி மூப்பர் மேல், பாதி என் மேலேயே. வயிறு ஒட்டிக் கிடக்கிற பஞ்சத்தில், தட்டில் விழுகிற நாலு பருக்கையில் எது யாருடையது என்று பார்க்கிறார்களே என்று உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"மூப்பரே, இனி இதைப் பிரிக்க அந்தக் கர்த்தரே வந்தாலும் முடியாது. அவருக்கு அந்த வேலையும் இல்லை. இது டவுனுக்குப் போகாது. இங்கேயே கஞ்சி காய்ச்சுவேன். வேண்டியவர்கள் வாருங்கள்" என்றேன்.

காய்ச்சினேன். பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். பெரியவர்களில் மூன்று பேர் வந்தார்கள். முனியம்மா சட்டியோடு வந்து, "எங்களுக்கு ஒங்க சண்டையெல்லாம் தெரியாது, ஊத்துங்க" என்றாள். மூப்பர் வரவில்லை. என் பையை எடுத்து வாசலில் வைத்திருந்தார்.

பையோடு நேராக லயத்துக் கடைசிக்கு, மாசிலாமணி வீட்டுக்குப் போனேன். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். என்னைக் கண்டதும் வாசலைவிட்டு எட்டிப் போய் நின்றார். ராகேல் கால் இரண்டும் நீர் கோத்து வீங்கி, நடக்க முடியாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணாச்சி, நாலு நாள் இங்கே தங்கலாமா?" என்றேன்.

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று. ராகேல்தான் சொன்னாள்: "வாங்கம்மா. ஆனா தண்ணி எங்க வீட்டுத் தண்ணிதான்."

கொடுத்தாள். தம்ளரை வாயருகே கொண்டுபோனபோது என் கை ஒரு கணம் நின்றது. நிற்கவில்லை என்று எழுதினால் பொய். அவள் அதைப் பார்த்துவிட்டாள். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். "ம்" என்றாள். அவ்வளவுதான்.

சனிக்கிழமை விடிகிற நேரத்தில் மாசிலாமணி வேலைக்குக் கிளம்பினார். நானும் எழுந்து பார்த்துக்கொண்டிருந்தேன். லயத்துப் பின்புறம் ஒவ்வொரு கக்கூசிலும் கோலால் இரண்டு தட்டுத் தட்டுவார். உள்ளே பெண்கள் யாராவது இருந்தால் எழுந்து போகட்டும் என்று முப்பது எண்ணுகிற நேரம் முதுகைக் காட்டி நிற்பார். பிறகுதான் கீழ்க் கதவைத் திறந்து வாளியை இழுப்பார். சாம்பல் தூவி மூடுவார். ஆறாவது வீட்டு வாளியைப் பார்த்ததும் நின்றார். கொட்டிவிட்டுக் கை கழுவி, ஓடைக்கரைக் கொய்யா மரத்தில் கொழுந்து பறித்தார். வாழை நாரால் கட்டினார். அந்த வீட்டுத் தாழ்ப்பாளில் மாட்டிவிட்டு வேகமாக வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, நீங்கதானா அது!"

அவருக்குத் திருடி மாட்டிக்கொண்டது போல் முகம் ஆகிவிட்டது.

"வாளிய பாத்தாலே யாருக்கு ஒடம்பு சரியில்லன்னு தெரிஞ்சிடும்மா. முந்தி டிரஸ்ஸர் ஐயாகிட்ட சொல்லுவேன். இப்ப அவரு இல்ல."

"ஏன் ஒளிச்சு வைக்கிய? கையில கொடுத்தா என்ன?"

"நான் தொட்டதுன்னு தெரிஞ்சா குடிக்க மாட்டாங்கம்மா. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. உசுரு போயிடும்."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் அதை மீறினேன். அதற்காக நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்டதில்லை.

மத்தியானம் ஆபீஸ் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஞாயிறு காலை லாரி வருகிறது, சயாமுக்கு எட்டுப் பேர். போன வருஷம் மூன்று மாத வேலை என்று சொல்லி அந்தத் தோட்டத்திலிருந்து ஏற்றிப்போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. எட்டாவது பெயர் மாசிலாமணி.

மூப்பர் வீட்டு முன்னால் ஆட்கள் கூடியிருந்தார்கள். "எட்டாவது மொதல்ல கோபாலு பேருதான் இருந்திச்சி" என்றார் ஒருவர். கோபால், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மைத்துனன். ஸ்டோரில் வேலை. முந்தின நாள் கிராணி அந்தப் பெயரை அடித்துவிட்டு மாசிலாமணி பெயரை எழுதியிருக்கிறார்.

"யாராச்சும் ஒருத்தன் போய்த்தான ஆவணும்" என்றார் மூப்பர். "அவனுக்குப் புள்ளையா குட்டியா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த முகங்களில் ஒரு நிம்மதி இருந்தது. நம்ம வீட்டு ஆள் இல்லை என்கிற நிம்மதி. அதைக் குற்றம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஆனால் ராகேலின் வீங்கின காலை நான் காலையில்தான் கழுவிவிட்டிருந்தேன். அவர் போனால் அவளுக்கு ரேஷன் கிடையாது, தண்ணீர் மொண்டு கொடுக்க ஆள் கிடையாது. அவருக்குச் சயாம், அவளுக்கு அந்தச் சுவரோரம். இரண்டு பேர் கணக்கும் அந்த ஒரு பெயரில் முடிந்துவிடும்.

லயத்தில் முதல் கதவிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு பெண்ணிடமும் ஒரே கேள்வி. "உங்க வீட்டுல கொய்யா இலை தொங்கிச்சா?" இருபத்திரண்டு வீட்டில் பதினான்கு வீட்டுக்காரிகள் தொங்கியது என்றார்கள். யார் கட்டியது என்று சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குப் போனேன். தங்கத்திடம் கடைசியாகப் போனேன்.

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "அவரா?" என்றாள். பிறகு, "அய்யோ, குடிச்சிட்டேனேக்கா" என்றாள்.

"குடிச்சதாலதான்டி இப்ப குந்திக்கினு பேசற" என்றாள் முனியம்மா. "எங்க மாரியாத்தாளும் இல்ல, ஒங்க கர்த்தரும் இல்ல. வாளி எடுக்கற மனுசன்."

"கர்த்தர் இல்லைன்னு யார் சொன்னா?" என்று நான் சண்டைக்குப் போனேன். "சீஷர்கள் காலைக் கழுவினவர் அவர். இந்த ஊர்ல எறங்கியிருந்தா கையில என்ன இருந்திருக்கும்னு நினைக்க? பிரசங்கப் புஸ்தகமா? வாளிதான் இருந்திருக்கும்."

தங்கம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நாளைக்கி அவரு போயிட்டா இதையெல்லாம் யாரு எடுக்கறது?" என்று கேட்டாள். அழுகையில் கேட்டதுதான். ஆனால் முனியம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"அதத்தான் ஜப்பான்காரன்கிட்ட கேக்கணும். வாளியோட போயிக் கேக்கணும்."

தோட்டத்தில் விடியற்காலையில் எல்லாரையும் ஆபீஸ் முன்னால் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். ஜப்பான்காரனுக்கு ஞாயிறு ஏது? அன்றைக்கும் பெரட்டு உண்டு, அதோடு லாரியும். பக்கத்துத் தோட்டத்தில் காலராவில் ஆட்கள் செத்ததிலிருந்து தோட்டத்தை நடத்துகிற ஜப்பான் அதிகாரிக்கு ஈயைக் கண்டாலே நடுக்கம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஞாயிறு விடிவதற்குள் பதினோரு பெண்கள் லயத்துப் பின்புறம் வந்துவிட்டோம். மாசிலாமணி கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம்மா, ஒங்கள அடிப்பானுங்க. இது நீங்க தொடற சாமானா?"

"தள்ளுங்க அண்ணாச்சி" என்று முதல் வாளியை நான் இழுத்தேன்.

அது எப்படி இருந்தது என்று மழுப்பாமல் சொல்கிறேன். கனம், தோள்பட்டையை இழுத்தது. நாற்றம் மூக்கோடு நிற்காமல் கண்ணில் எரிந்தது. தங்கம் பத்தடியில் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் தூக்கினாள். எங்களைத் தடுக்க முடியாது என்று தெரிந்ததும் மாசிலாமணி பக்கத்தில் நடந்துகொண்டே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். "ஒடம்ப விட்டுத் தள்ளிப் புடிங்க. வேகமா நடக்காதீங்க, அலம்பும். இருவது அடிக்கி ஒருக்கா கைய மாத்துங்க." இருபது வருஷமாக அவர் ஒரு நாளைக்கு இருபத்திரண்டு தரம் செய்தது இது. நாங்கள் ஆளுக்கு ஒன்று தூக்கி நாக்குத் தள்ளிப்போனோம்.

பெரட்டுக் களத்தில் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். லாரி இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஆபீஸ் படிக்கட்டுக்கு நேரே பதினோரு வாளிகளையும் வரிசையாக வைத்து மூடியைத் திறந்தோம். பிறகு அதிகாரிக்கு இடுப்பு மடியக் குனிந்தோம், அவர்கள் சொல்லிக்கொடுத்தபடியே. அந்த மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

அதிகாரி படியிறங்கி வந்து முதல் ஆளாக நின்ற என்னைக் கன்னத்தில் அறைந்தான். காது கொய்யென்றது. நகரவில்லை. தைரியம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் எந்தப் பக்கம் நகர்வதென்று தெரியவில்லை. ஜெபிக்கவும் தோன்றவில்லை.

கிராணி ஓடிவந்து, பெண்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று மலாயில் சொன்னார். அதிகாரிக்கு மலாய் கொஞ்சம் தெரியும். தங்கத்துக்கு நன்றாகவே தெரியும். அவள் முன்னால் வந்து, லாரியருகே நின்ற மாசிலாமணியைக் கை நீட்டிக் காட்டினாள்.

"இந்த ஆள் ஒருவர்தான் இதை எடுக்கிறவர். இவரைச் சயாமுக்கு அனுப்புகிறீர்கள். நாளைக்கு இது இங்கேதான் இருக்கும். நாளை மறுநாள் இருபத்திரண்டு வாளி. அப்புறம் காலரா. எங்களுக்கு வந்தால் உங்களுக்கும் வரும்."

தங்கத்தின் புருஷனான மூப்பர் மண்டோர்கள் வரிசையில் நின்றார். மனைவி பேசி முடித்ததும் வரிசையைவிட்டு வெளியே வந்தார். என்னைத்தான் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். தங்கத்தின் பக்கத்தில் போய் நின்றார்.

வாளிகளின்மேல் ஈ வர ஆரம்பித்தது. அதிகாரி கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தான். தாளை வாங்கிப் பார்த்தான். கிராணியை இந்தக் கன்னத்தில் ஒன்று, அந்தக் கன்னத்தில் ஒன்று விட்டான். அது இரக்கமில்லை, மூக்கு. இரக்கத்தை எதிர்பார்த்து நாங்கள் வரவுமில்லை. மாசிலாமணி பெயரைப் பென்சிலால் அடித்துவிட்டு, "எட்டு" என்றான். எட்டுப் பேர் வேண்டும்.

அதிகாரி தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். அடித்திருந்த பழைய பெயர் அதில் இன்னும் தெரிந்தது.

ஸ்டோர் வாசலில் பனியனோடு நின்ற கோபாலை அப்படியே ஏற்றினார்கள். சட்டை போட்டுக்கொள்ளக்கூட விடவில்லை. அவருக்கு முப்பது வயதுதான் இருக்கும். மற்ற ஏழு பேரும் ஏற்கனவே உள்ளே இருந்தார்கள். அவர்களுக்காகத் தூக்க எங்களிடம் வாளி இல்லை.

கிராணியின் மனைவி வீட்டிலிருந்து ஓடிவந்தாள். லாரி வளைவில் மறைகிறவரை கத்தினாள். பிறகு என் முன்னால் வந்து நின்றாள்.

"நீ ஒரு பொம்பளையா? எந்தம்பியத் தூக்கிக் குடுத்துட்டியே! இதத்தான் ஒன் சாமி சொல்லிக் குடுத்துச்சா?"

உன் தம்பி பெயரை நான் எழுதவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மைதான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை. எனக்கு மாசிலாமணி தப்பியதில் சந்தோஷம், அவளைப் பார்க்கையில் வெட்கம். இரண்டுமே இருந்தன. இன்றைக்குத் திரும்ப அதே காலை வந்தாலும் முதல் வாளியை நான்தான் இழுப்பேன்.

அன்று சாயங்காலம் ஜெபக் கொட்டகையில் மூப்பர் பாயை விரித்து, "உள்ள வாங்க மாசிலாமணி" என்று கூப்பிட்டார். 'வாங்க' என்று சொல்ல அவருக்குத் தொண்டையைச் செரும வேண்டியிருந்தது. மாசிலாமணி நிலைப்படியைத் தாண்டி வந்து ஓரமாக உட்கார்ந்தார். ராகேலை நானும் தங்கமும் தூக்கி வந்தோம்.

திங்கட்கிழமை நான் கிளம்ப வேண்டும். வெறும் சாக்கோடு போய்க் கமிட்டி முன்னால் நிற்க வேண்டும். அதற்கென்று சில நல்ல வார்த்தைகளைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். விடிகிற நேரத்தில் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது மாசிலாமணி இரண்டு காலி வாளிகளை எடுத்துக்கொண்டு லயத்துப் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் திரும்பினார். அந்தப் பக்கம் இருப்பது கிராணி வீடு.

"அந்த வூட்டு வாளிய ஒரு வாரம் நாற வுடுங்க!" என்று ராகேல் உள்ளிருந்து கத்தினாள்.

நானும் பின்னாலேயே ஓடினேன். "அண்ணாச்சி, உங்க பேர எழுதினவன் வீடு அது."

"தெரியும்மா" என்றார். நடையை நிறுத்தவில்லை. "அந்தம்மா நேத்துலேருந்து எந்திரிக்கலயாம். தண்ணிகூடக் குடிக்கலயாம். வூட்டுல யாரு எதப் பாத்திருப்பாங்க? வாளி நெறஞ்சி கெடக்கும். மொதல்ல அதப் பாத்துட்டு லயத்துக்கு வந்துடறேன்."

கிராணி வீட்டு ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அவர் பின்புறம் போய்க் கோலால் இரண்டு தட்டுத் தட்டினார். முதுகைக் காட்டி நின்றார். நான் அவர் கையிலிருந்த ஒரு காலி வாளியைப் பிடித்தேன்.

"இன்னிக்கி எதுக்கும்மா?" என்றார். "நேத்துன்னா பெரட்டு. எல்லாரும் பாத்தாங்க. இன்னிக்கி ஒருத்தரும் பாக்கலியே."

"அதுக்குத்தான் அண்ணாச்சி" என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு வாளியை என் கையில் விட்டார்.